'13 கேமராஸ்': அந்தச் சாவிதான் என்னைத் தூங்க விடவில்லை (ஸ்பாய்லர் உண்டு)

நடுச்சாமம்:

நேற்று இரவு தனியாக உட்கார்ந்து '13 கேமராஸ்' பார்த்து முடித்தேன். 2015இல் வந்த சின்ன பட்ஜெட் படம். விக்டர் ஸார்காஃப் எழுதி இயக்கியது. முதலில் இதற்கு 'ஸ்லம்லார்ட்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கதை மிக எளிமையானது. புதிதாகக் கல்யாணம் ஆன ரயன், கிளேர் இருவரும் ஒரு வாடகை வீட்டுக்குக் குடி வருகிறார்கள், கிளேர் கர்ப்பமாக இருக்கிறாள், வீட்டுக்காரர் ஜெரால்டு அந்த வீடு முழுக்க ரகசிய கேமரா வைத்து இவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கேமரா விஷயத்துக்கு நான் தயாராகவே இருந்தேன். போஸ்டரைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். படத்தில் என்னை உலுக்கியது வேறு. வீட்டில் யாரும் இல்லாதபோது ஜெரால்டு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். பூட்டை உடைக்கவில்லை, ஜன்னல் ஏறவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துத் திறக்கிறார், அவ்வளவுதான். எந்த அறையிலும் தயங்காமல் நடக்கிறார், ஏனென்றால் அது அவருடைய வீடு. அவர் உள்ளே நிற்பதை அண்டை வீட்டார் பார்த்தால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வகைப் படங்களில் கேமராவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். என் கட்சி என்னவென்றால், பயத்தின் வேர் சாவியில் இருக்கிறது. கேமரா இருந்து, ஆள் ஆயிரம் மைல் தள்ளி இருந்தால் அது அவமானம், கோபம், அருவருப்பு எல்லாம்தான், ஆனால் திகில் படம் ஆகாது. பார்க்கிறவன் எந்த நிமிஷமும் உள்ளே வரலாம், வருவதற்கு அவனுக்கு உரிமையும் இருக்கிறது என்றால் அப்போதுதான் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. படம் முடிந்ததும் நான் கேமரா தேடவில்லை. எழுந்துபோய்க் கதவின் உள்தாழ்ப்பாளைத்தான் பார்த்தேன்.

பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதே மாதிரி வேறு படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.


பழையரீல்:

நல்ல இழை. ஆனால் உங்கள் கட்சியோடு எனக்குப் பாதி உடன்பாடுதான்.

இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன அந்த வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் ஒரு நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேஜையில் இருப்பவர்கள் சும்மா அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பதினைந்து நிமிஷமும் நாம் நாற்காலியின் நுனியில் இருப்போம். '13 கேமராஸ்' முழுக்க இந்த இரண்டாவது வகை. வீட்டுக்காரர் யார் என்பதில் மர்மமே இல்லை. முதலிலேயே குண்டைக் காட்டிவிடுகிறார்கள், அப்புறம் அரட்டையைக் கேட்க வைக்கிறார்கள்.

இதில் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பாருங்கள். கிளேர் பக்கத்தில் இல்லை, ஜெரால்டின் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். ரயனுக்குத் தன் உதவியாளர் ஹானாவோடு தொடர்பு இருப்பது நமக்கு எப்படித் தெரிகிறது? ஜெரால்டு பார்ப்பதை நாமும் பார்ப்பதால். கிளேருக்குத் தெரியாத ஒன்று அந்த அருவருப்பான ஆளுக்கும் நமக்கும் தெரிகிறது. நான் அந்த இடத்தில் 'இவன் மாட்டிக்கொள்ள வேண்டும்' என்று ரயனைப் பற்றி நினைத்தேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, ஒளிந்து பார்க்கிறவனின் கேமராவை நம்பி நான் இன்னொருவனுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. படத்தில் என்னைத் தொந்தரவு செய்தது அதுதான், சாவி இல்லை.

1954இல் வந்த அவருடைய 'ரியர் விண்டோ'வும் இதைத்தான் செய்தது. கால் முறிந்து நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாமும் கூடவே ரசிக்கிறோம். அவருடைய காதலி கொலைகாரனின் வீட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டு, விரலில் போட்ட மோதிரத்தை முதுகுக்குப் பின்னால் நீட்டி சைகை காட்டுவாள். அதைக் கவனித்த கொலைகாரன் தார்வால்டு மெல்ல நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையில் நாம் பிடிபட்டுவிட்டோம். இன்றைக்குப் பார்த்தாலும் அந்த இடத்தில் கை தானாகவே விளக்கை அணைக்கத் தேடும்.

அப்புறம் 1960இன் 'பீப்பிங் டாம்'. மைக்கேல் பவல் எடுத்தது. பெண்களைக் கொல்லும்போதே அதைப் படம்பிடிக்கிற ஒருவனின் கதை. அவனுடைய கேமரா முக்காலியின் காலில் கத்தி, கூடவே ஒரு கண்ணாடி, சாகிறவள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டே சாக வேண்டும் என்பதற்காக. பிரிட்டிஷ் விமர்சகர்கள் அந்தப் படத்தை அடித்துத் துவைத்தார்கள், அங்கே அவருடைய தொழில் வாழ்க்கையே கிட்டத்தட்ட முடிந்துபோனது. அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்றால், பார்க்கிறவர்களையும் அந்தப் படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்றுதான் நான் நினைக்கிறேன். அதில் கதாநாயகனின் சின்ன வயதுப் படச்சுருள்கள் வரும், மகனைப் பயமுறுத்திப் பயமுறுத்திப் படம் எடுக்கும் அப்பா. அந்த அப்பாவாக நடித்தது பவலேதான், பையனாக நடித்தது அவருடைய சொந்த மகன். தெரிந்த பிறகு அந்தக் காட்சியை முன்பு போலப் பார்க்க முடியவில்லை.


மூன்றாம்வரிசை:

எனக்குப் படம் பிடிக்கவில்லை, காரணம் சொல்லிவிடுகிறேன்.

ஜெரால்டைப் பாருங்கள். அழுக்கு உடை, திறந்த வாய், மூச்சு வாங்கும் சத்தம், பக்கத்தில் நின்றாலே முகம் சுளிக்கிறார்கள். நெவில் ஆர்ஷம்போ உடம்பையே கொடுத்து நடித்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஓர் ஆளைக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ஒளிந்து பார்க்கிறவன் என்றால் இப்படித்தான் இருப்பான், நம் பக்கத்தில் இருக்கும் நல்ல சட்டை போட்ட ஆள் அப்படி இல்லை என்று. இது பொய்யான நிம்மதி. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், அதிலும் முன்னாள் துணைவர்கள் நிறைய என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

2011இல் ஸ்பெயினில் எடுத்த 'ஸ்லீப் டைட்' பாருங்கள், ஜாமே பாலகேரோ இயக்கியது. அதில் வருபவன் குடியிருப்பின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறவன். தினமும் சிரித்துக் காலை வணக்கம் சொல்கிறான், சின்னச் சின்ன உதவி செய்கிறான், வீட்டில் ஏதாவது பழுது என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ராத்திரி அவள் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறான். கேமராவே இல்லை! லூயிஸ் டோசார் அந்த ஆளை ஒரு சாதாரண மனிதனாகவே நடித்துக் காட்டுவார். ஓர் இடத்தில் அவன் மாட்டிக்கொள்ளப் போகிறான், அப்போது அவன் தப்பிக்க வேண்டும் என்று நம் மனசு அடித்துக்கொள்ளும். படம் முடிந்து ரொம்ப நேரம் எனக்கு என் மேலேயே கோபமாக இருந்தது.


நடுச்சாமம்:

மூன்றாம்வரிசை, நீங்கள் சொன்ன 'ஸ்லீப் டைட்' என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது! அவனிடம் கேமரா இல்லை, எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது.

ஆனால் ஜெரால்டின் தோற்றம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவே இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தத் தம்பதி ஆரம்பத்திலிருந்தே அவரை அருவருப்பாகத்தான் பார்க்கிறார்கள், இருந்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். உள்மனசு சொன்னதை வீட்டுத் தேவை அடக்கிவிட்டது. அதை நாமும் செய்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது.

பழையரீல் சொன்ன ரயன் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அதே தீர்ப்பைத்தான் எழுதினேன்.


ஒயர்பெட்டி:

கேமரா பொருத்துவது, நெட்வொர்க் போடுவது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் 'இத்தனை கேமரா இருந்தும் கண்டுபிடிக்க மாட்டார்களா' என்று சிரித்ததைப் படித்திருக்கிறேன். கண்டுபிடிக்க மாட்டார்கள். குடி வருகிறவர்கள் வருவதற்கு முன்பே சுவருக்குள் ஒயர் இழுக்க வீட்டுக்காரருக்கு நேரம் இருக்கிறது. ரகசிய கேமராவின் பெரிய பலவீனம் மின்சாரம். பேட்டரியில் ஓடுவது சீக்கிரம் செத்துவிடும், அடிக்கடி யாராவது வந்து மாற்ற வேண்டும். அதனால்தான் புகை உணர் கருவி, சுவர்க் கடிகாரம், சார்ஜர் மாதிரி ஏற்கெனவே மின்சாரம் போகிற பொருட்களுக்குள் வைப்பார்கள். வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை, நேராக வீட்டு மின்சாரத்திலேயே கொடுத்துவிடலாம். கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் ஓட்டினால் குடியிருப்பவரின் ரவுட்டர் பட்டியலில் ஒன்றும் தெரியாது. செயலியை வைத்து வைஃபையைத் தேடி 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை முழுசாக நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தேட வேண்டும் என்றால் பழைய முறைதான் நல்ல முறை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக, உண்மையிலேயே மெதுவாக, சுவர் சுவராக நகர்த்துங்கள். எவ்வளவு சின்ன லென்ஸாக இருந்தாலும் ஒளியைத் திருப்பி அனுப்பும், ஊசிமுனை அளவு ஒரு மினுமினுப்பு தெரியும். இருட்டில் படம் பிடிக்கிற கேமரா என்றால் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். 850 நானோமீட்டர் விளக்கு என்றால் மங்கலாகச் சிவப்பு தெரியும், 940 என்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. போனின் முன்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியும். பின்பக்கக் கேமராவில் வடிகட்டி பலமாக இருப்பதால் தெரியாமல் போகலாம். உங்கள் போன் காட்டுமா என்று முதலில் டிவி ரிமோட்டை அழுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பழசாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஜெரால்டு திரைகளுக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அப்படி யாரும் உட்கார வேண்டியதில்லை. அசைவு தெரிந்தால் போனுக்குத் தகவல் வந்துவிடும். அவன் வேறு ஏதோ வேலையில் இருப்பான், நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் அவன் பையில் போன் அதிரும்.

நடுச்சாமம் சொன்ன சாவிக்கு வருகிறேன், ஏனென்றால் என் தொழிலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சஸ் பகுதியில் ஒரு பெரிய பாதுகாப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வீடுகளில் கேமரா பொருத்தப் போனபோது வாடிக்கையாளர்களின் கணக்கில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டார், சோதனைக்காகத் தற்காலிகமாகச் சேர்க்கிறேன் என்று சில வீடுகளில் சொல்லியும் சேர்த்திருக்கிறார். நாலரை வருஷத்தில் சுமார் 200 வீடுகளின் கேமராவை 9,600 தடவைக்கு மேல் திறந்து பார்த்திருக்கிறார். தண்டனை 52 மாதம். ஒரு கேமராவைக்கூட அவர் ஒளித்து வைக்கவில்லை. எல்லாமே வீட்டுக்காரர்கள் பாதுகாப்புக்காகக் காசு கொடுத்து, அவரையே கூப்பிட்டு மாட்டச் சொன்ன கேமரா. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் நானே உட்கார்ந்து, கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து காட்டி, அப்போதே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிவிட்டு, அவர்கள் தட்டும்போது திரும்பி நின்றுகொள்கிறேன்.


புதுவரவு:

ஒரு சந்தேகம், ஒயர்பெட்டி. விடுமுறைக்குப் போய்த் தங்கும் வாடகை வீடுகளில் உள்ளே கேமரா வைக்கலாமா கூடாதா? ஏதோ விதி வந்தது என்று கேள்விப்பட்டேன்.


ஒயர்பெட்டி:

வீடுகளை வாடகைக்குப் பிடிக்கிற ஏர்பிஎன்பி தளத்தில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்தக் கேமராவும் கூடாது என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் கூடம், நடை மாதிரி பொது இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்கலாம் என்று இருந்தது. வாசலில் வைப்பதைச் சொல்லிவிட்டு வைக்கலாம். விதி வந்துவிட்டதே என்று தேடாமல் இருக்காதீர்கள்.


கதவுத்தாழ்:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒயர்பெட்டி அந்தத் தொழில்நுட்ப ஊழியரைப் பற்றி எழுதிய பத்தியைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

எனக்கு இது நடந்தது. ஜெரால்டு மாதிரி ஆள் இல்லை. ஐந்து வருஷம் கூட வாழ்ந்தவர். வீட்டில் ரவுட்டர், கேமரா, கதவு மணி எல்லாவற்றையும் அவர்தான் மாட்டினார். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அவருக்கு இருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிரிந்த பிறகு அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் பூட்டையும் மாற்றினேன். கேமரா கணக்கை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அதை நான் சாவி என்று நினைக்கவில்லை.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். நான் தலைமுடி வெட்டிக்கொண்ட அன்று மாலை அவரிடமிருந்து ஒரு செய்தி, 'இது உனக்கு நன்றாக இருக்கிறது' என்று. வெளியே யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஓர் இரவு தூக்கம் வராமல் கூடத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன், 'இன்னும் தூங்கவில்லையா' என்று வந்தது. அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் திரும்பிக் கேமராவைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியே எழுந்து, சாதாரணமாக நடப்பது போல நடந்து, குளியலறைக்குப் போய் அங்கே தரையில் உட்கார்ந்தேன். சாதாரணமாக நடப்பது எப்படி என்று யோசித்து யோசித்து நடந்தேன்.

இந்த நிலையில் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒன்று. கேமராவை உடனே பிடுங்கிப் போட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். எனக்கு உதவியவர்கள் முதலில் பொறு என்றார்கள். பிடுங்கினால் ஆதாரம் போய்விடும், அந்த ஆளுக்கும் தெரிந்து அவர் வேறு வழியில் இறங்கலாம். கணக்கில் எந்தெந்தக் கருவியிலிருந்து நுழைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை, அவருக்குத் தொடர்பே இல்லாத வேறொரு போனிலிருந்து எடுத்துத் தேதியோடு பதிவு செய்து வைத்தேன். செய்திகளையும் அழிக்கவில்லை. அப்புறம்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். புகார் கொடுக்கப் போன இடத்தில் முதலில் பேசியவர், 'அவரே மாட்டிய கேமராதானே' என்றார். அந்தப் பட்டியலைக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாம்வரிசை சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இந்தப் படங்களில் வருகிற ஆட்களின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதில்லை. நல்ல தேநீர் போட்டுக் கொடுத்த ஒருவரின் முகம்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.


பழையரீல்:

கதவுத்தாழ், எழுதியதற்கு நன்றி. நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

'திரும்பிக் கேமராவைப் பார்க்கவில்லை' என்று எழுதினீர்களே. நான் மேலே தார்வால்டு லென்ஸைப் பார்க்கும் காட்சியைப் பெரிதாக எழுதியிருந்தேன். பார்க்கப்படுகிறவர் வேண்டுமென்றே பார்க்காமல் இருப்பதை எந்தப் படத்தில் பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.


புதுவரவு:

படித்துவிட்டு நானும் போய் கணக்கில் இருக்கும் கருவிகளைப் பார்த்தேன். பழைய போன் ஒன்று இன்னும் உள்ளே இருந்தது, என்னுடையதுதான், நீக்கிவிட்டேன். மனசு கொஞ்சம் பதறியது. நன்றி.


வெட்டுமேசை:

நான் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறவன். படம் பற்றியே கொஞ்சம் பேசுகிறேன், அதற்குப் பிறகு கதவுத்தாழ் சொன்னதற்கும் வருவேன்.

கண்காணிப்புக் கேமராவின் பிம்பம் ஏன் வெறுமனே பார்த்தாலே பயமாக இருக்கிறது? சாதாரணப் படத்தில் கேமரா எப்போதும் நமக்கு உதவி செய்துகொண்டிருக்கும். யாராவது பேசினால் அவர் முகத்துக்குப் போகும், கத்தி முக்கியம் என்றால் கத்தியைப் பக்கத்தில் காட்டும். நம் கண்ணுக்கு ஒரு வழிகாட்டி மாதிரி. கூரை மூலையில் மாட்டிய கேமரா நமக்கு எந்த உதவியும் செய்யாது. மேலிருந்து, அகலமாக, அசையாமல் அறையை அப்படியே காட்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் நாமே ஃபிரேமைத் துழாவுகிறோம், கதவு இடுக்கு, திரைச்சீலை, கட்டிலின் நிழல் என்று. வெட்டாமல் எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு துழாவல். என் அனுபவத்தில், இரண்டு நொடி கூடுதலாக விட்டாலே அரங்கில் அசைவு நின்றுவிடும்.

'பேராநார்மல் ஆக்டிவிட்டி' இதை வைத்தே பிழைத்த படம். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில், ஒரு வாரத்தில் எடுத்தது. படுக்கையறையில் முக்காலி போட்டு ஒரே கோணம். தூங்குகிற இருவர், வலது ஓரத்தில் நேரம் ஓடுகிறது, வேகமாக ஓடும் எண்கள் திடீரென்று சாதாரண வேகத்துக்கு வந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். பேயே வேண்டாம், அந்த எண்கள் போதும்.

இதன் உச்சம் என்னைப் பொறுத்தவரை 2005இல் மைக்கேல் ஹானெக்கே எடுத்த 'கேஷே'. முதல் காட்சியில் ஒரு வீட்டின் முன்புறம், அசையாத கோணம், நிமிடங்கள் போகின்றன. படம் ஆரம்பித்துவிட்டது என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு இரண்டு பேர் பேசும் குரல் கேட்கிறது, பிம்பத்தில் கோடுகள் விழுந்து பின்னோக்கி ஓடுகிறது. நாம் பார்த்தது படத்தின் காட்சி இல்லை, அந்த வீட்டுக்கு யாரோ அனுப்பிய டேப், அதை அந்தத் தம்பதி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழுப் படத்தையும் டிஜிட்டலில் எடுத்ததால் டேப்புக்கும் படத்துக்கும் வித்தியாசமே தெரியாது. அதற்குப் பிறகு எந்த அசையாத காட்சி வந்தாலும் இது யாருடைய கண் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். டேப்பை அனுப்பியது யார் என்று படம் கடைசிவரை உறுதியாகச் சொல்லவே சொல்லாது. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்தப் படத்தில் அதுதான் நேர்மையாகப் பட்டது, கதவுத்தாழ் இரண்டு மூன்று செய்தி வரும்வரை எப்படிக் குழம்பி இருந்திருப்பார் என்பதற்குக் கிட்டே வரும் படம் அது.

'13 கேமராஸ்' இந்த விஷயத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. கேமராக் கோணங்களை அங்கங்கே செருகுகிறார்கள், உடனே சாதாரணக் கோணத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஜெரால்டின் திரைகளோடு மட்டுமே ஒரு பத்து நிமிஷம் இருந்திருந்தால் பழையரீல் சொன்ன அந்தக் கூட்டுக் குற்ற உணர்வு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.


மூன்றாம்வரிசை:

ரயனின் தொடர்பு பற்றிப் பேசியதால் ஒன்று சேர்க்கிறேன். 2020இல் டேவ் ஃபிராங்கோ இயக்கிய 'தி ரென்டல்'. இரண்டு ஜோடிகள் கடலோர வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். குளியல் குழாயின் தலைப்பகுதிக்குள் கேமரா இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். போலீஸுக்குச் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல முடியாது. முந்தின இரவு அதே குளியலறையில் இரண்டு பேர் தங்கள் துணைக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள், அது பதிவாகியிருக்கும். இந்த ஒரு முடிச்சில் படம் முழுக்க நிற்கிறது. பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிக்குக் காவல் காக்கிறார்கள்.

'13 கேமராஸ்'இலும் அதேதான். ஹானா காணாமல் போகிறாள், ஒலி வெளியே வராத அறையில் ஜெரால்டு அடைத்து வைத்திருக்கிறார். ரயன் அவளைத் தேடி ஊரையே கூட்டியிருக்க வேண்டும். அவன் கமுக்கமாக இருக்கிறான், அவள் விலகிப் போனது அவனுக்கு வசதியாகக்கூட இருக்கிறது. எனக்குப் படம் பிடிக்கவில்லை என்றேன், ஆனால் இந்த இடம் மட்டும் கெட்டியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணை இரண்டு ஆண்கள் சேர்ந்து காணாமல் ஆக்குகிறார்கள், ஒருவனுக்கு அது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.


நடுச்சாமம்:

இழை ஆரம்பித்தபோது என் மனசில் இருந்தது ஓர் உலோகச் சாவி. கதவுத்தாழ் எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை நான் சின்னதாகப் பயன்படுத்திவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆயிரம் மைல் தள்ளி இருந்தால் திகில் ஆகாது என்று வேறு எழுதியிருந்தேன். அது தவறு. 'இன்னும் தூங்கவில்லையா' என்று செய்தி அனுப்பியவர் உள்ளே வரத் தேவையே இல்லை.

கதவுத்தாழ், ஒன்று கேட்கலாமா? பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இந்த மாதிரிப் படங்களை இப்போது உங்களால் பார்க்க முடிகிறதா? உங்களுக்கு உண்மையாகப் பட்ட ஒரு காட்சியாவது இருக்கிறதா?


கதவுத்தாழ்:

பழையரீல், நன்றாக இருக்கிறேன், வீடும் மாற்றியாகிவிட்டது.

நடுச்சாமம், பெரும்பாலும் பார்ப்பதில்லை. '13 கேமராஸ்'ஐப் பாதியில் நிறுத்தினேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கூரை மூலையிலிருந்து தெரியும் கூடத்தின் அந்தக் கோணத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அது காட்டிவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் உச்சந்தலை. வெட்டுமேசை விளக்கிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

இந்தப் படங்கள் கொலையோடு முடிந்துவிடுகின்றன, இல்லை தப்பித்தலோடு. அதற்கு அப்புறம் வருகிற மாதங்களை யாரும் எடுப்பதில்லை. உடை மாற்ற ஒரே ஒரு மூலையை மட்டும் பயன்படுத்துவது, புது வீட்டில் புகை உணர் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அது வெறும் புகை உணர் கருவிதான் என்று தெரிந்ததும் அழுவது, நண்பர்கள் புதிதாகப் பேசும் ஸ்பீக்கர் வாங்கினால் அவர்கள் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடுவது. இதில் சத்தமும் இல்லை, ரத்தமும் இல்லை, அதனால் எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு காட்சி இருக்கிறது. 2020இல் லீ வானல் எடுத்த 'தி இன்விசிபிள் மேன்'. படத்தின் மிச்சத்தை நான் கண்ணை மூடி மூடித்தான் பார்த்தேன், ஆனால் ஆரம்பத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நடு இரவு, கடலோரத்தில் பெரிய கண்ணாடி வீடு, வீடு முழுக்க சிசிலியாவை அடக்கி வைத்திருக்கும் துணைவனின் கேமரா. அவள் சத்தம் போடாமல் எழுந்து தப்பிக்கத் தயாராகிறாள். போவதற்கு முன் அவள் செய்வதைப் பாருங்கள். படுக்கையறைக் கேமராவை அவன் தூங்கும் பக்கம் திருப்பி, அந்தக் காட்சியைத் தன் போனில் வரும்படி செய்துகொள்கிறாள். வீட்டின் ஒவ்வொரு கதவையும் தாண்டும்போது போனைப் பார்க்கிறாள், அவன் இன்னும் தூங்குகிறானா என்று.